தன் பாலைத் தானே குடிக்கும் பசுவைப் பறிமுதல் செய்தது குறித்து

அனுப்புநர்:
மாட்டுப்பண்ணைக்காரர் மகள்,
பதினோராம் வகுப்பு மாணவி,
பால் சேகரிப்பு நிலையத்துக்கு எதிர் வீடு.

பெறுநர்:
உயர்திரு தலைமை அதிகாரி அவர்கள்,
பிராணி நல அமலாக்க முகமை,
தலைமை அலுவலகம், இரண்டாம் மாடி.

பொருள்: எங்கள் பசுவைத் திருப்பித் தரவும், வரும் திங்கட்கிழமை விசாரணையில் என் அப்பாவிடம் ஒப்புதல் கையெழுத்து வாங்குவதை நிறுத்திவைக்கவும், இனிமேல் மாட்டைப் பிடிக்கும் முன் மாட்டு டாக்டரை ஒரு வார்த்தை கேட்கும்படி ஆணையிடவும் வேண்டுதல்.

பார்வை: 1. முகமை ஆய்வாளர் எங்கள் கொட்டகைச் சுவரில் ஒட்டிய நோட்டீஸ் (ஒட்டிய மறுநாள் கன்றுக்குட்டி மேல்பாதியைத் தின்றுவிட்டது, கீழ்ப்பாதி இணைப்பில் உள்ளது).
2. காப்பகத்தின் ஏழு நாள் அறிக்கை.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் மேசையில் ஏற்கெனவே குவிந்திருக்கும் காகிதங்களோடு இதையும் சேர்ப்பதற்கு முதலில் மன்னிக்கவும். நீளமாக எழுதாதே என்று அம்மா சொன்னார். முயற்சி செய்திருக்கிறேன்.

1. எங்கள் வீட்டில் ஆறு பசுக்களும் ஒரு கன்றும் மூன்று மனிதர்களும் இருக்கிறோம். எங்களுக்கும் அவற்றுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர்தான். அப்பா பால் கறப்பார். அம்மா அதைச் சேகரிப்பு நிலையத்தில் ஊற்றிவிட்டு வருவார். நான் சாணி அள்ளுவேன். (இந்த வேலைப் பங்கீடு பற்றித் தனியாக ஒரு மனு எழுதும் உத்தேசம் உண்டு. அது வேறு அலுவலகத்துக்கு.)

2. ஆறில் ஒன்றைத் தங்கள் முகமை பிடித்துப் போய்ப் பதினோரு நாள் ஆகிறது. திங்கட்கிழமை வந்து ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் பிரச்சினை அந்த ஒரு மாட்டோடு முடிந்துவிடும் என்று ஆய்வாளர் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். அப்பாவும் சரியென்று தலையாட்டிவிட்டார். ஆனால் நோட்டீசில் கன்று தின்னாமல் விட்ட பாதியில், எறும்பு வரிசை மாதிரி பொடி எழுத்தில், கையெழுத்திட்டவர் கொடுமை செய்ததை ஒப்புக்கொண்டவர் ஆவார் என்றும், அவர் ஐந்து ஆண்டுகளுக்கு எந்தக் கால்நடையும் வைத்திருக்கத் தடை விதிக்கலாம் என்றும் இருக்கிறது. அப்பா அதைப் படிக்கவில்லை. பொடி எழுத்தைப் படிக்கும் வழக்கம் அவருக்கு இல்லை. மருந்துச் சீட்டைக்கூட மாட்டு டாக்டர் வாயால் சொல்லித்தான் கேட்டுக்கொள்வார். முன்பு காய்ச்சலில் இரண்டு நாள் படுக்கச் சொன்னதற்கே, படுத்தபடி சுவருக்கு அந்தப் பக்கம் ஒவ்வொரு மாட்டையும் கூப்பிட்டு விசாரித்துக்கொண்டிருந்த மனிதர் அவர். ஐந்து ஆண்டுகள் அவர் யாரைக் கூப்பிடுவார் என்று எனக்குத் தெரியவில்லை. ஆகவே இந்த மனு.

3. பிடிபட்ட பசுவின் பெயர் கள்ளி. வீட்டில் செல்லமாக வைத்தது. காரணம் இருக்கிறது. அதற்குத் தன் பாலைத் தானே குடிக்கும் பழக்கம். கழுத்தை வளைத்து, பின்னங்காலுக்கு முன்னால் தலையை நுழைத்து, சர்க்கஸ்காரி மாதிரி நின்று, மடியை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் காலி செய்துவிட்டு, கறக்கப் போனால் ஒன்றுமே தெரியாதது போல் பார்க்கும். பள்ளியில் வீட்டுப்பாடம் எங்கே என்று கேட்கும்போது நான் வைத்துக்கொள்ளும் அதே முகம். அதன் கன்று பக்கத்தில் பசியோடு கத்திக்கொண்டிருக்கும். மடியும் புண்ணாகத் தொடங்கியது.

4. மாட்டு டாக்டர் வந்து பார்த்தார். "இது சில மாட்டுக்கு வர்ற கெட்ட பழக்கம். அடிக்காதீங்க, திட்டாதீங்க. கழுத்துல கட்டை கட்டுங்க, தானா மறந்துடும்" என்றார். அப்பா ஆறு குச்சிகளை மழுங்கச் சீவி, முனைகளில் தன்னுடைய பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றி, ஏணி மாதிரிக் கயிற்றில் கோத்துக் கழுத்தைச் சுற்றிக் கட்டினார். அதைப் போட்டுக்கொண்டு மாடு மேயலாம், படுக்கலாம், அசைபோடலாம், தண்ணீர் குடிக்கலாம், என்னை முட்டலாம். மடிப்பக்கம் திரும்புவது ஒன்றுதான் முடியாது. கன்று அன்றைக்குத்தான் வயிறு நிறையக் குடித்தது.

5. இனி எழுதுவது எனக்குக் கஷ்டமான பகுதி. கள்ளி கட்டையோடு நின்ற கோலம் எனக்குச் சிரிப்பை மூட்டியது. செல்போனில் போட்டோ எடுத்தேன். அதன் அடியில், "ஆயுள் கைதி. குற்றம்: பால் திருட்டு. சோறு தண்ணி கிடையாது. பார்வையாளர் நேரம்: மாலை 4 முதல் 5" என்று எழுதி என் ஸ்டேட்டசில் போட்டேன். கைதி என்றால் சோகமாக இருக்க வேண்டுமே! அதனால், முன்னால் இருந்த தொட்டியையும் அதில் குவிந்திருந்த பசும்புல்லையும் படத்திலிருந்து வெட்டிவிட்டேன். வகுப்பில் எல்லோரும் சிரித்தார்கள். யாரோ ஒருவர் சிரிக்காமல் தங்கள் முகமைக்கு அனுப்பிவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. எங்களைத் தெரியாத ஒருவர் அந்தப் படத்தைப் பார்த்தால் அதைத்தான் செய்ய வேண்டும்.

6. மூன்றாம் நாள் ஆய்வாளர் அந்தப் போட்டோவின் பெரிய பிரதியோடு ஜீப்பில் வந்தார். முன்னறிவிப்பு தேவையில்லையாம், சட்டம் அவருக்கு அந்த அதிகாரம் தந்திருக்கிறது. செருப்பில் சாணி படாமல் எங்கள் கொட்டகைக்குள் நடந்த முதல் மனிதர் அவர் என்பதைப் பாராட்டுடன் பதிவு செய்கிறேன். கட்டையைப் பார்த்ததும் அவருக்கு உண்மையிலேயே கண் கலங்கிவிட்டது. "உங்க வீட்டுப் பொண்ணா இருந்தா கழுத்துல இப்படி மாட்டி விடுவீங்களா?" என்று அப்பாவைக் கேட்டார். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்து, "ஒண்ணு செஞ்சு வைக்கணும்னுதான் ரொம்ப நாளா நெனைக்கிறேங்க. அளவுதான் எடுக்கல" என்றார். ஐயா, அது நகைச்சுவை. எங்கள் குடும்பத்தில் அது பரம்பரை வியாதி. ஆனால் ஆய்வாளர் அதைக் குறித்துக்கொண்டார். "உரிமையாளர் தம் பெண் குழந்தைக்கும் இதே கருவியைப் பொருத்தத் திட்டமிட்டுள்ளார்" என்று நோட்டீசில் இருந்தது. அந்த வரியைக் கன்று தின்றுவிட்டதால் இணைக்க இயலவில்லை.

7. மாட்டு டாக்டரைக் கூப்பிடுகிறேன் என்று அப்பா சொன்னார். அவர் வர ஒரு மணி நேரம் ஆகும். அதுவரை காத்திருக்க வேண்டிய கட்டாயம் சட்டத்தில் இல்லை என்று பதில் வந்தது. கள்ளியை வண்டியில் ஏற்றினார்கள். கன்று பின்னாலேயே வாசல் படலைவரை ஓடியது. அதற்குக் காப்பகத்தில் இடமில்லையாம். இப்போது அது மற்றொரு பசுவின் பாலைப் புட்டியில் குடிக்கிறது. குடித்து முடித்ததும் படலைக்குப் போய் நின்றுகொள்கிறது. கொடுமை என்ற சொல்லை இந்த மனுவில் நானாக எங்கும் பயன்படுத்துவதில்லை என்று முடிவு செய்திருப்பதால் மேலே எழுதவில்லை.

8. காப்பகத்தின் ஏழு நாள் அறிக்கையை மிகுந்த ஆர்வத்தோடு படித்தோம். "விலங்கிலிருந்து விலங்கு அகற்றப்பட்டது" என்று தொடங்குகிறது. (எழுதியவர் யாரோ, என் கைகுலுக்கலைத் தெரிவிக்கவும்.) அடுத்து, உரிமையாளர் இழைத்த கொடுமையின் அதிர்ச்சியால் பசுவின் பால் அடியோடு வற்றிவிட்டதாகச் சொல்கிறது. அதற்கும் அடுத்த வரியில், காப்பகத்தின் அன்பான பராமரிப்பால் பசு கொழுகொழுவென்று தேறி வருவதாகச் சொல்கிறது. ஐயா, மடியில் காணாமல் போன பாலும் உடம்பில் ஏறிய சதையும் ஒன்றேதான். வற்றியதற்கு அப்பாவும் ஏறியதற்கு முகமையும் பொறுப்பு என்று பிரித்துக்கொள்வது நியாயமாகப் படவில்லை.

9. இதை நான் ஊகித்து எழுதவில்லை. செவ்வாய்க்கிழமை அனுமதி வாங்கிக் கள்ளியைப் பார்க்கப் போயிருந்தேன். காப்பக ஊழியர் அண்ணன் நல்லவர். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, "மடி எப்பப் பாத்தாலும் காலியாத்தான் இருக்கு பாப்பா. மனசு உடைஞ்சு போச்சு, பாவம்" என்று என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார். சரியாக அப்போது அவர் முதுகுக்குப் பின்னால் கள்ளி தன் சர்க்கஸைத் தொடங்கியது. "அண்ணா, பின்னாடி பாருங்க!" என்றேன். அவர் திரும்புவதற்குள் நிமிர்ந்து நின்று மூக்கை நக்கிக்கொண்டிருந்தது. "என்ன பாப்பா?" என்றார். மூன்று முறை இப்படியே நடந்தது. நான்காம் முறை அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். நாள்தோறும் பொய் சொல்லிப் பழகியவள் நான். உண்மையைச் சொல்லி நம்பப்படாமல் போனது எனக்குப் புது அனுபவம்.

10. முகமையே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. போன வருடம் ஒரு லாரியில் மூச்சுவிட இடமில்லாமல் அடைத்துக் கொண்டுபோன கன்றுகளை வழிமறித்து இறக்கியவர்கள் தாங்கள்தான். அன்று நாங்கள் தெருவில் நின்று கை தட்டினோம். எங்கள் கவலை வேறு. நுழைவதும், பிடிப்பதும், வழக்குப் போடுவதும், தண்டிப்பதும் ஒரே அலுவலகம் என்றால், பந்து வீசியவரே கை தூக்கி அவுட் கொடுப்பது போல் இருக்கிறது. மட்டையோடு நிற்பவர் யாரிடம் போய்க் கேட்பார்?

11. பயத்தால் என்ன நடக்கிறது என்பதையும் தாங்கள் அறிய வேண்டும். ஆட்டுக்கார அண்ணன் கால் முறிந்த ஆட்டுக்குக் குச்சி வைத்துக் கட்டியிருந்தார். எங்கள் சேதி கேள்விப்பட்டவர், ஜீப் சத்தம் கேட்டதும் காலைக் கட்டிப்போட்டதாகச் சொல்லிவிடுவார்களோ என்று அவசரமாக அவிழ்த்தார். வந்தது ரொட்டி விற்கிற வண்டி. எலும்பு விலகிவிட்டது. ஆடு இனி நொண்டித்தான் நடக்கும். கோழிப்பண்ணை அக்கா, மற்றவை கொத்திப் புண்ணாக்கிய கோழியைத் தனியாக வைத்திருந்தார். தனிமைச் சிறை என்று எழுதிவிடுவார்களோ என்று துணைக்கு இன்னொன்றை விட்டார். இப்போது துணைக்கு வந்தது கொத்துகிறது. எல்லாம் சட்டப்படி நடக்கிறது. வைத்தியத்தை ஒளித்து வைத்தால் அடிபடுவது பிராணிதான், ஐயா. அதற்காகவா முகமை?

12. கடைசியாக ஒன்று. போட்டோ எடுத்தது நான் என்று அப்பாவுக்கு இன்னும் தெரியாது. செல்போனே இல்லாத மனிதரிடம் ஸ்டேட்டஸ் போய்ச் சேர வழியில்லை. ஆய்வாளர் கையில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்துத் தோட்டத்து மாமாதான் வேலியோரம் நின்று எடுத்து அனுப்பியிருக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டார். இருபது வருடமாக நாள் தவறாமல் வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று பேசியவர்கள். பதினோரு நாளாக ஒரு வார்த்தை இல்லை. நேற்று மாமா, "என்னப்பா, மாடு எப்ப வருதாம்?" என்று கேட்டார். அப்பா உள்ளே வந்து, காலித் தொட்டியைக் கழுவினார். அது ஏற்கெனவே கழுவிய தொட்டி. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதற்குப் பிறகு அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா திட்டவில்லை. "எழுதத் தெரியும்ல? கேலி எழுதின கையாலயே இதையும் எழுது" என்று மட்டும் சொன்னார்.

ஆகவே தங்களிடம் நான் கேட்பது:

அ. திங்கட்கிழமைக்கு முன் மாட்டு டாக்டரைக் காப்பகத்துக்கு அனுப்பி, ஒரு நாள் கட்டை போட்டும் ஒரு நாள் போடாமலும் கள்ளியைக் கறந்து பார்க்கச் சொல்லவும். எந்தச் சாட்சியும் வேண்டாம். மடியே பதில் சொல்லும்.

ஆ. அதுவரை அப்பாவிடம் எந்தக் காகிதத்திலும் கையெழுத்து வாங்க வேண்டாம். நீட்டினால் போட்டுவிடுவார். தப்பு செய்தவர் என்பதால் அல்ல. மற்ற ஐந்து மாடுகளாவது மிஞ்சட்டும் என்பதால்.

இ. உயிர் போகும் ஆபத்து இருந்தால் உடனே பிடித்துப் போகட்டும். இல்லாவிட்டால் டாக்டர் வரும் அந்த ஒரு மணி நேரம் காத்திருக்கட்டும். நாற்காலி போடுகிறோம், மோர் தருகிறோம்.

ஈ. முகமையின் முடிவு தவறென்று படுபவர், முகமைக்கு வெளியே ஒருவரிடம் போய்ச் சொல்ல வழி செய்யவும்.

உ. யாரையாவது தண்டித்தே ஆக வேண்டுமென்றால், பொய்யாக எழுதியதும் புல்லை வெட்டியதும் நான். வெட்டாத முழுப் படம் இத்துடன் இருக்கிறது. அதில் தொட்டி நிறையப் புல்லும், கள்ளியின் வாய் நிறையப் புல்லும், ஓரத்தில் இன்னொரு கட்டுப் புல்லோடு வரும் அப்பாவின் பாதி உடம்பும் தெரியும்.

இதில் சிரிக்கும்படி ஏதாவது இருந்தால் அது பழக்க தோஷம். கேட்பதில் விளையாட்டு இல்லை. நல்ல முடிவை எதிர்பார்த்து, படலைக்குப் பக்கத்தில் கன்றோடு நிற்கிறேன்.

இடம்: மாட்டுக்கொட்டகை, ஆறாவது தொட்டிக்கு முன்.
நாள்: வியாழக்கிழமை, விசாரணைக்கு நான்கு நாள் முன்பு.

இப்படிக்கு,
(ஒப்பம்)
மாட்டுப்பண்ணைக்காரர் மகள்

நான் பதினெட்டு நிரம்பாதவள் என்பதால் என் மனு செல்லாது என்று யாரும் சொல்லாதிருக்க, இதைப் படித்து, மூன்று கிண்டல்களைப் பேனாவால் அடித்துவிட்டு, மீதியை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டவர்:
(ஒப்பம்)
அம்மா

இணைப்பு: நோட்டீசின் கீழ்ப்பாதி, மாட்டு டாக்டரின் கடிதம், முழுப் போட்டோ, ஆட்டுக்கார அண்ணன், கோழிப்பண்ணை அக்கா உட்பட ஒன்பது பேரின் கையெழுத்துகள்.

நகல்:
1. ஆய்வாளர் அவர்களுக்கு, தகவலுக்காக.
2. பக்கத்துத் தோட்டத்து மாமாவுக்கு, மன்னிப்புடன்.
3. அப்பாவுக்கு. இன்று மாலைக் கறவை முடிந்ததும், பொடி எழுத்துகளோடு சேர்த்து, நானே வாசித்துக் காட்டுவேன்.