தண்ணீர்க் குழாயில் வைரஸ்

செவ்வாய்க்கிழமை, படப்பை

படுத்துப் பார்த்தேன், தூக்கம் வரவில்லை.

ஒரகடத்தில் எங்கள் கம்பெனி செய்வது, மலைப் பண்ணைகளில் வளர்க்கும் டிரௌட் மீனுக்கு வைரஸ் நோய் இருக்கிறதா என்று பார்க்கும் பிசிஆர் கிட். இன்று சோதித்தபோது, வெறும் தண்ணீர் ஊற்றிய சோதனைக் குழாயிலேயே வைரஸ் காட்டியது. இந்த கிட்டை நம்பினால் மலையில் யாரோ ஒருவர் நல்ல மீன்களையெல்லாம் கொன்று புதைத்துவிடுவார்.

காரணம் எனக்குத் தெரியும். வைரஸ் மாதிரிகளை வைத்திருக்கும் அறைக்குள் போனவர், கிட்டுக்கான திரவங்களைக் கலக்கும் அறைக்கு அன்று திரும்பக் கூடாது. மூக்குக் கண்ணாடியை அங்கே மறந்துவிட்டு, அதை எடுக்கப் போட்ட கோட்டோடு திரும்பிப் போனது நான்தான்.

சூப்பர்வைசர் சேகர் சாரிடம் அப்படியே சொன்னேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"நீ போனத நான் பாக்கலம்மா. இன்னொரு தபா ஓட்டு, நல்லா வந்தா கையெழுத்துப் போட்டுடு. நைட்டு லோடு போயாவணும்."

"போவாது சார்."

"உன் பேருதான் கெட்டுப்பூடும்."

"கெடட்டும் சார். தப்பு என்னுதுதான்."

சரக்கை நிறுத்தி வைக்கும் சிவப்பு அட்டையில் என் பெயரையும், கண்ணாடிக்காகத் திரும்பிப் போனதையும் எழுதிக் கையெழுத்திட்டேன். கிட் பெட்டிகள் மேல் அதை நானே ஒட்டினேன். நாளை மேனேஜர் கூப்பிடுவார். கூப்பிடட்டுமே!

அட்டையை எடுப்பவரும் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், அதுதான் விதி. சேகர் சார் இரண்டு முறை அதன் பக்கத்தில் வந்து நின்றார். நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்வரை அவர் பேனாவை எடுக்கவில்லை.