காது வைத்த பொட்டலம்

இன்று மத்தியானம் பரண்மேல் கிடந்த பழைய பிஸ்கட் டின்னை இறக்கினேன். தடிமனான தாள் வேண்டியிருந்தது. மூடியைத் திறந்ததும் காய்ந்த சோற்றுப் பசையின் புளித்த வாடை வந்தது. உன் வாடை என்று சொன்னால் அடிக்க வருவாய். ஒரே வரிசை வீடுகளில் குடியிருந்து, ஒரே கம்பெனிக்கு உன்னோடு போய் வந்த எனக்கு அது உன் வாடைதான். ஞாயிற்றுக்கிழமைகளில் உன் விரல் முழுக்க அந்தப் பசை காய்ந்து தோல் மாதிரி உரிந்துகொண்டிருக்கும். டின்னுக்குள் நீ வட்டமாக நறுக்கி வைத்த தாள்கள் அப்படியே இருந்தன. அடியில் நீ மடித்த காகித பிஸ்கட் ஒன்று, நசுங்காமல் கிடந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

தாள் எதற்கு என்று கேட்பாய். நாளைக்கு வெள்ளிக்கிழமை. ஊத்தங்கரைப் பக்கம் என் வீட்டுக்காரருடைய ஊர் மாரியம்மன் கோயிலில் என் மகள் தனுவுக்காகப் பூக் கேட்கப் போகிறோம். ஒரு பொட்டலத்தில் வெள்ளை அரளி, இன்னொன்றில் சிவப்பு அரளி. பெற்றவள் மடிக்க வேண்டும், பூசாரி குலுக்கி அம்மன் காலடியில் போட வேண்டும், குழந்தை கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் ஆத்தா சரி என்கிறாள். சிவப்பு வந்தால் வேண்டாம் என்கிறாள். அது அந்த வீட்டு வழக்கம்.

கேட்கப் போகும் கேள்வி என்ன தெரியுமா? தனுவுக்கு ஆபரேஷன் செய்யலாமா கூடாதா என்பது.

அவள் இதயத்தில் ஓட்டை இருப்பது உனக்குத் தெரியும். மாடிப்படி ஏறினால் உதடு நீலமாகிவிடும் என்று எத்தனை தடவை நீ இடுப்பில் தூக்கிக்கொண்டு ஏறியிருக்கிறாய். மருந்திலேயே ஓட்டிக்கொண்டிருந்தோம். போன வாரம் பெங்களூர் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், இனிமேல் தள்ளிப்போடக் கூடாது என்று. அவர் சொன்னதைக் கேட்டு நான் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்ததும் என் மாமியார் தலையாட்டவில்லை.

"நெஞ்சக் கிழிக்கறதுன்னா சும்மாவா? ஆத்தாள ஒரு வார்த்த கேக்காம எம் பேத்திய நான் அனுப்ப மாட்டன்."

இவர் என் முகத்தைப் பார்க்காமல், "அம்மா சொல்றதயும் கேட்டுருவமே" என்றார். இவரைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கம்பெனியில் யூனியன் ஆட்களோடு நின்று கத்துகிற மனுஷன், அம்மா முன்னால் வாயில் கொழுக்கட்டை வைத்த மாதிரி நிற்பார்.

என் மாமனாருக்கு வயிற்றில் ஆபரேஷன் என்றபோதும் பூக் கேட்டார்கள். சிவப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் இருந்தவரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்து கட்டிலில் படுக்க வைத்தார்கள். அடுத்த ஆடிக்கு அவர் இல்லை. அந்த வீட்டில் ஒருவர்கூடப் பூவைக் குறை சொல்லவில்லை. ஆத்தா வேண்டாம் என்றாள், நாங்கள் கேட்டுக்கொண்டோம் என்றுதான் இன்றைக்கும் சொல்கிறார்கள். நாளைக்குச் சிவப்பு வந்தால் தனுவையும் அப்படித்தான் கட்டிலில் படுக்க வைப்பார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

இதையெல்லாம் உன்னிடம் சொல்லி அழ வேண்டும். ஆனால் நீ உன் தங்கை வளைகாப்புக்குக் கிளம்பி, "ஞாயித்துக்கெழம வந்துர்ரன், பசைக்குச் சோறு எடுத்து வை" என்று சொல்லிவிட்டு உன் தம்பி வண்டியில் ஏறினாய். குருபரப்பள்ளி தாண்டவில்லை. இடித்த லாரிக்காரன் நிற்கவே இல்லையாம். நான் சோறு எடுத்து வைத்திருந்தேன். உன்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

இந்தக் காகித பிஸ்கட் நம் வீட்டுக்குள் வந்த கதை உனக்கு ஞாபகம் இருக்கும். கம்பெனி ஆண்டு விழாவுக்குப் பெங்களூரிலிருந்து சீனச் சாப்பாடு வரவழைத்திருந்தார்கள். கடைசியில் ஆளுக்கொரு பிஸ்கட் கொடுத்தார்கள், சோமாசை நடுவில் பிடித்து வளைத்த மாதிரி. ஒயர்களைக் கனெக்டரில் மாட்டிக் கட்டுகிற நம் லைனில் நீ கட்டுவதை நான் சோதித்து அனுப்புகிறவள். எதையும் பிரித்துப் பார்க்காமல் விட மாட்டேன். என்னுடையதை உடைத்தேன், உள்ளே சின்னச் சீட்டு. பொறுமைக்குப் பலன் உண்டு என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. நீ அதற்குள் உன்னுடையதை முழுசாக வாயில் போட்டு மென்றுவிட்டாய்.

"என்னடி இது, வாழப்பூ நரம்பாட்டம் நடுவுல என்னமோ வருது" என்றாய். நான் சீட்டைக் காட்டியதும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாய். "போச்சு. எஞ் சோசியத்த நானே முழுங்கிட்டன்."

லைன் முழுக்கச் சிரித்தது. நீ முழுங்கியதில் என்ன எழுதியிருந்தது என்று இப்போது அடிக்கடி நினைக்கிறேன். கையில் எடுத்துப் படித்திருந்தால் அந்த வண்டியில் ஏறாமல் இருந்திருப்பாயோ என்றெல்லாம் புத்தி போகிறது. பைத்தியக்கார நினைப்புத்தான்.

சீனாக்காரன் பிஸ்கட் என்று நாம் பேசிக்கொண்டிருந்ததை, மிஷின் பழக்க ஜப்பானிலிருந்து வந்திருந்த பெரியவர் எப்படியோ புரிந்துகொண்டார். அவருக்கு மொழிபெயர்க்க வந்த கன்னடப் பெண்ணைக் கூப்பிட்டு நீளமாக ஏதோ சொன்னார். "இது சைனாது அல்லாங்க, அவர் ஊருதாம்" என்று அந்தப் பெண் ஆரம்பித்தாள். ஜப்பானில் ஒரு பழைய நகரத்தில், கோயில் பக்கத்துக் கடைகளில், இரும்பு அச்சைக் கரி அடுப்பில் காட்டிச் சுடுவார்களாம். எள்ளும் சோயாவைப் புளிக்க வைத்து அரைத்த விழுதும் போட்டு, இதைவிடப் பெரிதாக, கறுப்பாக இருக்குமாம். சீட்டு உள்ளே இருக்காது, வெளி மடிப்பில் செருகியிருக்கும். அங்கிருந்து பிழைக்கப் போனவர்கள் அமெரிக்காவில் அதைச் சுட்டு விற்றார்கள். அங்கிருந்த சீனச் சாப்பாட்டுக் கடைக்காரர்களும் வாங்கி வைத்தார்கள். அப்புறம் ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் சண்டை வந்தது. ஜப்பான்காரர்களையெல்லாம் பிடித்துக் கம்பி வேலிக்குள் அடைத்துவிட்டார்கள். அவர்கள் விட்ட தொழிலைச் சீனர்கள் எடுத்துக்கொண்டார்கள். இன்றைக்கு உலகமே சீனா என்கிறது, சீனாவில் கேட்டால் அப்படி ஒரு பிஸ்கட்டே தெரியாதாம்.

"அடப் பாவமே" என்றாய் நீ. "வேலிக்குள்ள போனவன் திரும்பி வந்து பாத்தா கடையில வேற ஆளு நிக்கறான்." பிறகு என் பக்கம் சாய்ந்து, "அப்ப அவங்க ஊர்லயும் கோயில் வாசல்ல பூக் கேக்கறாங்க, நம்மளாட்டமே" என்றாய். பூக் கேட்பதை நீ அன்றைக்கு அவ்வளவு லேசாகச் சொன்னாய்.

அடுத்த ஞாயிறே ஆரம்பித்துவிட்டாய். மைதாவும் சர்க்கரையும் முட்டை வெள்ளையும் கலந்து தோசைக்கல்லில் ஊற்றினாய். மடிப்பதற்குள் அப்பளமாக நொறுங்கியது, விரல் சுட்டது, உன் வீட்டுக்காரர் துண்டுகளைப் பொறுக்கித் தின்றுவிட்டு டீ கேட்டார். பிறகுதான் காகிதத்துக்கு மாறினாய். போன வருஷக் காலண்டர் அட்டை, தடித்த டிராயிங் தாள். கிண்ணத்தைக் கவிழ்த்து வட்டம் போடுவாய். மடிப்புக் கோடு விழாமல் பாதியாக வளைத்து, உள்ளே சீட்டை வைத்து, நடுவில் கட்டைவிரலால் அமுக்கி இரண்டு முனையையும் ஒன்று சேர்ப்பாய். ஒரு பொட்டு சோற்றுப் பசை. நான் மடித்ததெல்லாம் வாய் பிளந்து நின்றது. உன்னுடையது ஒன்றுக்கொன்று வித்தியாசமே தெரியாது.

நம் லைன் வீடுகளில் குடியிருந்த அத்தனை பேருக்கும் நீ சோசியம் எழுதினாய். "இன்னைக்குத் தண்ணி லாரி உங்க வாசல்லதான் நிக்கும்." "சானமாவு காட்டுல யானை குறுக்க வராது, கம்பெனி பஸ்சு நேரத்துக்கு வரும்." "சூப்பர்வைசருக்குத் தொண்டை கட்டிக்கும்." மூன்றாவது சோசியம் நிஜமாகவே பலித்தபோது நீ லைனில் தலையைக் குனிந்துகொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாய்.

பிள்ளைகளுக்குத் தனி ஆட்டம். முறத்தில் காகித பிஸ்கட்டுகளைப் பரப்பி, துண்டால் கண்ணைக் கட்டி, சின்னவர்கள் முதலில் எடுக்க வேண்டும். ஒன்றில் மட்டும் 'ராஜா' என்று இருக்கும். அதை எடுத்த பிள்ளை சொல்வதைப் பொழுது சாயும்வரை மற்றவர்கள் கேட்க வேண்டும். தனுவுக்கு வரவே வராது. ஓட்டத்தில்தான் தோற்கிறாள் என்றால் சீட்டிலும் தோற்றாள். ஒரு நாள் அவள் அழாமல், சீட்டைத் திரும்ப மடித்து முறத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். நீ அதைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அதற்கு அடுத்த வாரம் ராஜா அவளுக்கு வந்தது. அதற்கடுத்த வாரம் விட்டு, மறுபடியும் வந்தது. உன்னை ஓரமாக இழுத்துக் கேட்டபோதுதான் சொன்னாய். ராஜா சீட்டு உள்ள பிஸ்கட்டின் ஓரத்தில் சின்னதாக ஒரு காது மடித்து விடுகிறாய். தனு விரலால் தடவிக் கண்டுபிடிக்க வேண்டும்.

"நம்ம கனெக்டர்ல காது இருக்கில்ல. கண்ண மூடிட்டு மாட்டுனாலும் தப்பா மாட்ட முடியாது. அந்த மாதிரிதான்."

"இது ஏமாத்து வேலடி" என்றேன்.

"எல்லா நாளும் அதே புள்ள தோத்தா மட்டும் அது நாயமா?" என்று கேட்டுவிட்டுப் பசைக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

அந்தக் காதைத்தான் இன்று மத்தியானம் டின்னுக்குள் பார்த்தேன். கடைசியாக மிஞ்சியிருந்த உன் பிஸ்கட்டின் ஓரத்தில் அது அப்படியே இருந்தது. வெள்ளைப் பொட்டலத்துக்கு இப்படி ஒரு காது வைக்க வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்தது.

இரண்டிலும் வெள்ளைப் பூ வைத்துவிடலாம் என்று முதலில் நினைத்ததுண்டு. அந்த வீட்டில் மிச்சப் பொட்டலத்தையும் எல்லார் முன்னாலும் பிரித்துக் காட்டுவார்கள், மாட்டிக்கொள்வேன். செய்தித்தாளில் மடித்தால் பூசாரி தெளிக்கிற மஞ்சள் தண்ணீரில் காது ஊறிப்போகும். உன் டிராயிங் தாள்தான் நிற்கும். பார், எவ்வளவு யோசித்துவிட்டேன். சாமி நம்பிக்கை இல்லாதவள் என்று என்னை நினைக்காதே. இருப்பதால்தான், ஆத்தாவுக்குக் கோபம் வந்தால் என்மேல் வரட்டும் என்று அடுப்படியில் நின்று மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிந்து வைத்தேன்.

மாமியார் அரளியைச் சொம்புத் தண்ணீரில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். "ரெண்டும் பாக்க ஒண்ணா இருக்கோணும், பாத்து மடி" என்றார். போனவர் திரும்பி வந்து என் தோளைத் தொட்டு, "எனக்கும் வெள்ளைதாம்மா வேணும்" என்றார். அவரைத் திட்டவும் எனக்கு வழியில்லாமல் போயிற்று.

தனு பள்ளிக்கூடம் விட்டு ஆட்டோவில் வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டேன். உன் முறத்து ஆட்டத்தைச் சொல்லி, பெரியம்மா ஆட்டம் ஞாபகம் இருக்கா என்று கேட்டேன். தலையாட்டினாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. நாளைக்கு எது வர வேண்டும் என்பதும் தெரிந்திருக்கிறது. துண்டால் கண்ணைக் கட்டினேன். முதல் தடவை காது வைத்த வெள்ளைப் பொட்டலத்தை எடுத்தாள். இரண்டாம் தடவையும் அதையே எடுத்தாள். அடுத்த தடவை சிவப்பை எடுத்துவிட்டாள்.

"ஒழுங்காத் தடவிப் பாருடி" என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். அவள் மூச்சு வாங்குவதைப் பார்த்த பிறகுதான் விட்டேன். துண்டை அவளே அவிழ்த்தாள். பொட்டலத்தை எடுத்து, நுனி தடித்த அந்த நீல விரலால் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள்.

"பெரியம்மா வச்சா பெருசா இருக்கும்மா. நீ பயந்து பயந்து வச்சிருக்கற" என்றாள்.

வாங்கிப் பார்த்தேன். உண்மைதான். பூசாரி கண்ணுக்குத் தெரியக் கூடாது என்று அரிசி நுனி அளவுக்கு மடித்திருக்கிறேன். அதுவும் இரண்டு தடவை எடுத்து வைத்ததில் படிந்துபோயிருக்கிறது. டின்னிலிருந்து இன்னொரு தாளை எடுத்தேன். தனு உன் காகித பிஸ்கட்டைக் கையில் எடுத்து, அதன் காதை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"பெரியம்மாவுக்கு மட்டும் யாருமே காது வச்சுக் குடுக்கலியாம்மா?"

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்து வைத்த சோறு மறுநாள் புளித்துப்போனதைச் சொல்லவா? முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன். வெள்ளைப் பூவைப் புதுத் தாளுக்குள் வைத்து மடித்தேன். காதை நீ மடிக்கிற அளவுக்கே பெரிதாக மடித்து, நகத்தால் அழுத்தி விட்டேன். நாளைக்குப் பூசாரி பார்த்தாலும் பார்க்கட்டும்.