இருபத்திரண்டு கிராம்

மார்ச் 3, திங்கள்

இன்று என் கையில் ஒரு தகட்டைக் கொடுத்து, அதன் பெயர் லேப்டாப் என்றார்கள். ஊர் ஊராக அலைகிறவர்களுக்கென்றே செய்ததாம். "எடை 990 கிராம்" என்று பெட்டி மேலேயே பெருமை அடித்திருக்கிறது.

புது மேலாளருக்கு என் மருமகன் வயது. "ரெண்டு வாரம் வச்சுப் பாருங்க சார். நீங்க சரின்னா பதினெட்டு மெக்கானிக்குக்கும் இதுதான். வேண்டாம்னா காரணம் எழுதுங்க. ஆனா இது வந்துட்டா, போற இடத்துலயே இதுல ரிப்போர்ட் போடறவங்களுக்குத்தான் ரூட். போட முடியாதவங்க ஆபீஸ்ல புகார் போன் எடுக்கட்டும்."

முப்பத்தொரு வருஷமாகத் தராசு பழுது பார்க்கிறேன். யாரும் சொல்லித் தரவில்லை. கழற்றிக் கழற்றி நானாகக் கற்றது. கடை கடையாகப் போய்த் தராசைத் திருத்தி, கார்பன் புத்தகத்தில் சீட்டு எழுதிக் கிழித்துக் கொடுத்தவனைப் போன் எடுக்க உட்கார வைப்பதா?

இந்தத் தகடு தோற்றால் கார்பன் புத்தகம் பிழைக்கும். புத்தகம் பிழைத்தால் என் ரூட் பிழைக்கும். ஆகவே இது தோற்க வேண்டும்.

மார்ச் 4, செவ்வாய்

தோற்றுவிட்டது! முதல் நாளே!

சமையலறைக் கதவுக்கு முட்டுக்கொடுத்திருந்த என் ஒரு கிலோ எடைக்கல்லை எடுத்துவந்தேன். ரூட்டில் இருந்தால் பையில் இருக்கும். வீட்டில் இருந்தால் கதவைப் பிடிக்கும். முதலில் என் பயணத் தராசைச் சரிபார்த்தேன். கல்லை வைத்தால் 978 காட்டுகிறது. இதுவுமா? போன மாதம் பார்த்த ஒன்பது தராசும் இதே மாதிரிதான் குறைத்துக் காட்டின. நாட்டில் ஒரு தராசு உருப்படியாக இல்லை. மெஷின் பொய் சொல்லும், இரும்பு சொல்லாது. தராசைக் கல்லுக்கு ஏற்பத் திருத்திவிட்டுத் தகட்டை ஏற்றினேன்.

1012.

மூன்று முறை வைத்தேன். மூன்று முறையும் 1012. இருபத்திரண்டு கிராம் பொய். இதில் சார்ஜரைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை! ஆளை நிறுக்கும்போது செருப்பைக் கழற்றச் சொல்லலாம், தலையைக் கழற்றிவைக்கச் சொல்லலாமா?

சன்னல் திரை முன்போலப் பறக்காததால் தராசுத் தட்டும் ஆடவில்லை. காற்று குறைந்துவிட்டது போலும். எல்லாம் எனக்குச் சாதகம்.

மார்ச் 5, புதன்

மேலாளரிடம் சொன்னேன். சிரிக்கிறார். "இருபத்திரண்டு கிராம்தானே சார்?"

தானே! தராசு கம்பெனியில் உட்கார்ந்துகொண்டு "தானே"!

ஸ்டோர்காரர் என் வயதுக்காரர், என் கட்சி. அவர்கூட, "யோவ், மூக்குக்கண்ணாடியோட சேத்து நிறுத்துட்டியா?" என்கிறார். நான் விடவில்லை. விற்ற கம்பெனிக்கு எழுத்தில் புகார் போகும்வரை மேலாளரின் மேசையை விட்டு நகரவில்லை. போய்விட்டது. திங்கட்கிழமை அவர்கள் ஆள் வருகிறதாம். வரட்டும்.

மார்ச் 6, வியாழன்

ரயிலில் பேட்டரி சோதனை. பதினாறு மணி நேரம் தாங்கும் என்கிறார்கள். கைக்கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்து, திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். கண்ணசந்துவிட்டது. விழித்துப் பார்த்தால் தகடும் தூங்குகிறது. பயணத்தில் தூங்குவது என் உரிமை, அதன் உரிமையா? குறையில் எழுதிவிட்டேன்.

எழுப்பலாம் என்றால் விரலை வைக்கச் சொல்கிறது. வைத்தேன். "அடையாளம் தெரியவில்லை." இரும்பு தேய்த்துத் தேய்த்து ரேகை போன விரல்கள். எட்டு விரலை நிராகரித்தது. எதிர் சீட்டு அம்மா, "கால் விரலை வச்சுப் பாருங்க" என்று கலகலவென்று சிரித்தாள்.

லாட்ஜில் இருக்கிற ஒரே பிளக் கட்டிலுக்குப் பின்னால். கட்டிலை நகர்த்தினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. அதையும் எழுதிவிட்டேன்.

மார்ச் 7, வெள்ளி

இடது கைச் சுண்டுவிரலை ஏற்றுக்கொள்கிறது. அதை மட்டும்.

மார்ச் 10, திங்கள்

எழுதக் கை வரவில்லை. எழுதத்தான் வேண்டும்.

விற்ற கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்தாள், சொந்தத் தராசோடு. பட்டறையில் எல்லோரும் கூடிவிட்டார்கள். நான் நடுவில், என் கல்லைக் கையில் பிடித்துக்கொண்டு, மாலை போடாத குறையாக. அவள் தகட்டை வைத்தாள். 990.

"உன் தராசு தப்பும்மா."

"அங்கிள், உங்க கல்லையே இதுல வச்சுப் பாருங்களேன்."

வைத்தேன். 978.

"பாத்தீங்களா? இவ தராசும் கெட்டுப்போச்சு!"

ஸ்டோர்காரர் என் காதோடு சொன்னார்: "யோவ், பதினோரு தராசு ஒரே மாதிரி கெடுமாய்யா?" சொல்லிவிட்டுப் போய், கண்ணாடிப் பெட்டியில் பூட்டிவைத்திருக்கும் தலைமைக் கல்லைக் கொண்டுவந்து அவள் தராசில் வைத்தார். 1000. ஒரு கிராம் இப்படி அப்படி இல்லை.

என் கல்லைத் தலைகீழாகத் திருப்பினேன். அடியில் ஈயம் அடைத்திருக்கும் குழி காலி. எடையை நேர் செய்வதே அந்த ஈயம்தான். சரியான கல் என்று முத்திரை குத்தியிருப்பதும் அதில்தான். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

மாலை, வீட்டில் கேட்டேன். மனைவி அலட்டிக்கொள்ளவே இல்லை.

"அந்தச் சாம்பல் கலர் குண்டா? போன மாசம் மேனேஜரோட போன்ல சண்டை போட்டுட்டு அந்தக் கதவுக் கல்லை எட்டி உதைச்சீங்களே, அப்ப தெறிச்சு விழுந்துச்சு. திரை பறந்துகிட்டே இருக்கேன்னு ஓரத்துல வச்சுத் தைச்சுட்டேன்."

"என்கிட்ட சொல்லக் கூடாதா?"

"சொன்னேன். 'மனுஷனை நிம்மதியா விடு'ன்னீங்க."

சொல்லியிருப்பேன்.

அது போகட்டும். அந்த ஒன்பது தராசு! நல்ல தராசுகளை என் ஓட்டைக் கல்லை வைத்துக் கெடுத்துவிட்டு, கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அவற்றில் ஒன்று மருத்துவமனையில் குழந்தைகளை நிறுப்பது.

மார்ச் 11, செவ்வாய்

மேலாளரிடம் நானே போய்ச் சொன்னேன். எனக்கு நாற்காலி போட்டார். அது இன்னும் மோசமாக இருந்தது.

"ஒருத்தரும் புகார் பண்ணலையே சார். அடுத்த சுத்துல பாத்துக்கலாமே."

"நான் கையெழுத்துப் போட்டது. இன்னைக்கே கிளம்புறேன்."

"பழைய சீட்டை ரத்து பண்ணிப் புதுச் சீட்டு அங்கேயே கொடுக்கணும். கார்பன் புத்தகம் ஆபீஸுக்கு வந்து பதிவாக ஒரு வாரம் ஆகும்." தகட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கெட்டிக்காரர்தான்.

சுண்டுவிரலை நீட்டினேன்.

மார்ச் 12, புதன்

முதலில் மருத்துவமனை. தலைமைக் கல்லை வைத்துத் திருத்தினேன். நர்ஸம்மா, "போன மாசத்துல இருந்து எல்லாக் குழந்தையும் நல்லா எடை போடுதுன்னு டாக்டர் அவ்வளவு சந்தோஷமா இருந்தாரு. கெடுத்துட்டீங்களே!" என்றாள். எந்தக் குழந்தைக்கும் மருந்து அளவு மாறவில்லை என்று பதிவேட்டைக் காட்டினாள். அதன்பிறகுதான் தண்ணீர் வாங்கிக் குடித்தேன். தகட்டில் தட்டிய புதுச் சீட்டு அங்கேயே, அவர்கள் பிரிண்டரில் அச்சாகி வந்தது. நாலு நிமிடம்.

கறிக்கடைக்காரர் மட்டும் தராசில் கை வைக்கவே விடவில்லை. "இந்த ஒரு மாசமாத்தான் சார் இந்தத் தராசு என் மனசு மாதிரி நடக்குது." நின்று திருத்திவிட்டுத்தான் வந்தேன்.

மார்ச் 14, வெள்ளி

ஒன்பதும் முடிந்தது. ஏழு பேருந்து, இரண்டு ரயில். தோள் வலிக்கவில்லை. ஏன் என்று ஆராயப்போவதில்லை.

மார்ச் 17, திங்கள்

திரை ஓரத்தைப் பிரித்து ஈயத்தை எடுத்தேன். கல்லில் அடைத்து, முத்திரைக்கு அனுப்பியாயிற்று. திரை மறுபடி பறக்கிறது. "அந்தத் தகட்டை வச்சுத் தைச்சுடவா?" என்கிறாள் மனைவி. கொழுப்பு.

காலையில் பேருந்து நிறுத்தம்வரை போய், தகட்டுப் பையை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்த மாதிரி இருக்க, பதறிப் பாதி வழி திரும்பிவந்து பார்த்தால் தோளில்தான் இருக்கிறது. ஒரு வாரத்தில் இது மூன்றாவது முறை.

மதிப்பீட்டுப் படிவத்தைக் கொடுத்துவிட்டேன். மேலாளர் படித்துவிட்டு, ரூட் பட்டியலில் என் பெயரை முதலில் எழுதினார். நான் எழுதியது இவ்வளவுதான்:

எடை: 990. சரி.
குறை: இருப்பதே தெரிவதில்லை.