சாரா சிரித்த சிரிப்பு

செவில்யா, புனித லூசியா திருநாளுக்கு மறுநாள், 1667

அன்பு மருமகள் வியோலாந்தேவுக்கு உன் மாமியார் லெயோகாடியா எழுதுவது. ஆண்டவர் உன்னையும் உன் வயிற்றில் இருப்பதையும் காக்கட்டும். என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும். உன் அக்காவைப் படிக்கச் சொல். கிழித்துப் போட்டுவிடாதே.

இங்கே ஓயாத மழை. ஆறு ஏறியிருக்கிறது. என் மகன் ப்ளாஸைப் புதைத்த கோயிலுக்குள் தண்ணீர் வரவில்லை, போய்ப் பார்த்துவிட்டேன். ஆறு மாதமாகியும் அவனுக்கும் சேர்த்தே சட்டியில் கொண்டைக்கடலை போடுகிறேன்.

நான் சமைக்கிற ஆஸ்பத்திரியின் சாப்பாட்டு மண்டபத்துக்குப் பெரிய படம் ஒன்று வரைந்தார்கள். ஆபிரகாம் மூன்று வழிப்போக்கர்களை மரத்தடியில் உட்காரவைத்து விருந்து வைத்தாரே, அது. வந்தவர்கள் ஆண்டவரின் தூதர்களான சம்மனசுகள் என்று அவருக்குத் தெரியாது. ஓவியர் தோன் எஸ்தேபான் துறைமுகத்துச் சுமைகூலிகள் மூவரைச் சம்மனசுகளாக உட்காரவைத்தார். கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்கும் ஆபிரகாமின் மனைவி, கிழவி சாராவுக்கு என் முகம் போதும் என்றார்.

கன்றுக்குட்டி இறைச்சியை வாட்டி வைத்ததும் நான்தான். அன்று வெள்ளிக்கிழமை என்பது யாருக்கும் உறைக்கவில்லை. எதிரில் ஆவி பறக்கிறது, தொடக் கூடாது. மறுநாள் சனி, அதுவும் அரை விரதம், தலையும் காலும் குடலும்தான் தின்னலாம். கூலிகளில் ஒருவன் ஓர்துன்யோ, முதுகில் இறக்கையோடு, "லெயோகாடியாம்மா, ஆபிரகாம் காலத்துல ஏது வெள்ளிக்கிழமை விரதம்? நான் இப்ப சம்மனசு, எனக்குப் பாவம் ஒட்டாது. ஒரே ஒரு துண்டு" என்றான். பக்கத்தில் இருந்தவன், "சம்மனசுக்கு வயிறே கிடையாதுடா, வாயை மூடு" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ப்ளாஸ் போன பிறகு அதுதான் முதல் தடவை.

ஓவியர் தலையை ஆட்டினார். "இது இல்லம்மா. உனக்குப் பிள்ளை பொறக்கும்னு விருந்தாளி சொல்றார். கிழவி நம்பாம சிரிக்கிறா. அந்தச் சிரிப்பு வேணும்" என்றார்.

அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். ப்ளாஸைப் புதைத்த பத்தொன்பதாம் நாள் நீ அடுப்படிக்கு வந்து, "அத்தை, எனக்கு ரெண்டு மாசம்" என்றாய். நான் சிரித்தேன். "யாரோடது?" என்று கேட்டேன். அன்று மாலையே நீ ஹெரேஸுக்கு, உன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாய்.

ஓவியருக்கு அதே முகத்தைக் காட்டினேன். அப்படியே வரைந்துவிட்டார். படத்தை மாட்டிய பிறகு போய்ப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது. ஆனால் ஒன்று கவனித்தேன். அவள் அப்படிச் சிரித்த பிறகும் அந்த மூவரும் எழுந்து போகவில்லை. சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

பிள்ளை ப்ளாஸுடையதுதான். அன்றைக்கே எனக்குத் தெரியும். நம்பிவிட்டால் அதையும் பறிகொடுத்துவிடுவேனோ என்று பயம். வேறு சாக்கு என்னிடம் இல்லை.

இந்த மாதத்தில் நீ வண்டி ஏறக் கூடாது. நான் வருகிறேன். கடிதம் கொண்டுவரும் கோவேறு கழுதைக்காரன் பெலாயோ அங்கே இரண்டு நாள் தங்குவான். "வரட்டும்" என்று அவனிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். உன் அக்கா வீட்டு அடுப்பு ஓரத்தில் படுத்துக்கொள்வேன். பிரசவம் பார்க்க ஒரு கை கூட இருந்தால் நல்லதுதானே.

கடிதத்தோடு ஒரு துணிச்சுருள் வரும். ப்ளாஸ் பிறந்தபோது அவனைச் சுற்றிய துணி. துவைத்துவிட்டேன், வெயில் காட்டத்தான் முடியவில்லை, அடுப்புச் சூட்டில் உலர்த்தினேன். என்னை வேண்டாம் என்று நீ சொன்னாலும், அதைத் திருப்பி அனுப்பாதே.

புனித அன்னம்மாள் உன் தலைமாட்டில் இருக்கட்டும்.

உன் அத்தை,
லெயோகாடியா