ஷெர்லி வருவதற்குள்

அத்தான்,

பாப்பாவுக்கு எடை பார்க்க ஆறுமுகநேரி ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். சோறும் பால்சுறாப் புட்டும் அடுப்படியில் இருக்கின்றன. புட்டில் எனக்குப் பாதி வையுங்கள்.

மத்தியானம் உங்கள் தம்பி பெண்டாட்டி ஷெர்லி பிள்ளையோடு வருகிறாள். அவள் முன்னால் என் எடைப் பேச்சை எடுக்காதீர்கள். பாப்பா ஞானஸ்நானத்தன்று அவள் கல்யாண ஜாக்கெட்டைப் போட்டு வந்தபோது, "ஷெர்லியப் பாரு, பிள்ள பெத்தவ மாதிரியா இருக்கா?" என்று என்னிடமே கேட்டீர்கள். நானும் அவளும் ஒரே மாதத்தில் பெற்றவர்கள். என் கல்யாண ஜாக்கெட் இன்னும் முழங்கையைத் தாண்டவில்லை.

அன்றிலிருந்து ராத்திரி நான் சாப்பிடவில்லை. நீங்கள் ஷிப்டில் இருந்ததால் தெரியாது. பால் குறைந்துபோனது. பாப்பா மாரை இழுத்து இழுத்து அழுதாள். நர்ஸ் இந்துமதி அக்காவிடம் ஓடினேன்.

"ஏளா, பால் குடுக்கவ பட்டினி கெடக்கலாமா? வேளைக்குத் தின்னு, சாயங்காலம் நட. உடம்பு மெதுவாத்தான் இறங்கும்" என்றார்.

இப்போது சாப்பிடுகிறேன். பால் திரும்ப வருகிறது. நேற்று பாப்பா வயிறு நிறைந்து தூங்கினாள்.

ஷெர்லி மேல் பொறாமை மட்டும் போகவில்லை. பாப்பா எடை கூடியிருந்தால் கொஞ்சம் குறையும்.

ஜெஸ்மி

மறந்துவிட்டேன்: அலமாரியில் மஸ்கோத் அல்வா இருக்கிறது. ஷெர்லிக்குப் பெரிய துண்டாக வெட்டிக் கொடுங்கள். வேண்டாம் என்பாள், விடாதீர்கள்.