கிலோ என்றால் ஆயிரம்

12.6.87, வெள்ளி.

இன்று சேலத்தில் என் மகள் மல்லிகாவுக்குக் கம்ப்யூட்டர் வகுப்பில் சேர நுழைவுத் தேர்வு. பஸ்ஸிலேயே ஒப்பித்துக்கொண்டு வந்தாள். "ஒரு கிலோபைட்டுக்கு ஆயிரத்து இருபத்துநாலு பைட்டுங்கப்பா."

ஜவ்வரிசி மில்லில் இருபது வருடமாக எடை போடும் மேதாவி விடுவேனா? "கிலோன்னா ஆயிரந்தான் சாமி. பொஸ்தகத்துல தப்பா அடிச்சிருப்பாங்க."

என்னை நம்பி எல்லாக் கணக்கையும் ஆயிரத்திலேயே போட்டுவிட்டாள். தேர்வு முடிந்து வாத்தியாரைக் கேட்டேன். இரண்டு, நாலு, எட்டு என்று இரட்டித்தே போகுமாம். ஆயிரத்தில் நிற்காதாம், ஆயிரத்து இருபத்துநாலில்தான் வருமாம்.

"உங்க எடையெல்லாம் மரவள்ளிக்கிழங்கோட நிறுத்திக்குங்கப்பா" என்றாள். ஊருக்கு, ராசிபுரத்துக்குத் திரும்பும் பஸ்ஸில் வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

திங்கட்கிழமை தேறியவர்கள் பட்டியல் ஒட்டுவார்கள். தப்பு என்னுடையது என்று போய்ச் சொல்லலாம்தான். விடைத்தாளில் இருப்பது அவள் பெயர்.