முட்டியில் ஒன்றுமில்லை

செப்டம்பர் 9, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். தெற்கே இடி, மழை இல்லை. கொடியில் ஜெர்சிகள் காயாமல் தொங்குகின்றன. ஒன்றை அம்மா அடுப்படித் துணியாக எடுத்துவிட்டாள். மாநில அணி, பத்தாம் எண். ஏன் என்று கேட்டேன். "எடுத்ததே தப்பு. தண்ணியவே இழுக்க மாட்டேங்குது."

நேற்று மாலை மாஸ்டரிடம் சொன்னது. (இனி மா. ஆறாம் வகுப்பில் மைதான ஓரம் வேடிக்கை பார்த்து நின்றவளை உள்ளே இழுத்துவிட்டவர்.) இந்தியக் கால்பந்து அணி முகாமுக்குப் போகவில்லை. மாநில அணிக்கும் இனி இல்லை. ஆட்டம் போதும்.

விசில் வாயிலேயே இருந்தது. பிறகு எடுத்தார்.

"யாரு என்ன சொன்னா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல மாஸ்டர்."

"மாப்பிள்ள பாத்துட்டாகளா?"

"இல்ல."

"பின்ன?"

"வேணாம்னு தோணுது."

"எனக்குந்தான் தெனம் தோணுது. சாயங்காலம் ஆனா வந்து நிக்கலையா?"

அவர் நிற்பது அவருக்காக. நான் நின்றதும் பாதி அவருக்காகத்தான். இதைச் சொல்லியிருந்தால் அழுதிருப்பார். அல்லது நான்.

அப்பா மானகிரியில் ஒரு புது வீட்டுக்கு மாடுலர் கிச்சன் போட்டுக்கொண்டிருக்கிறார். இரவு வந்ததும் சொன்னேன். கையில் மரத்தூள், பிளைவுட் பசை வாசனை.

"யோசிச்சியாத்தா?"

"யோசிச்சேன்ப்பா."

"சரி." சாப்பிட உட்கார்ந்துவிட்டார். அந்தச் 'சரி'யில் எவ்வளவு சரி என்று தெரியவில்லை.

வாங்க வேண்டியவை: சோப்பு, நாப்கின், நோட்டு. கால்பந்து சம்பந்தமாக ஒன்றுமில்லை. பல வருடங்களில் இப்படி ஒரு பட்டியல் முதல் முறை.

செப்டம்பர் 10, புதன்

நாளிதழில் மாவட்டப் பக்கம். என் படம், போன வருடத்தது, வாய் திறந்தபடி. தலைப்பு: முழங்கால் காயம், காரைக்குடி வீராங்கனை ஓய்வு.

டீக்கடையில் பார்த்துவிட்டு அப்பா பாதி வேலையில் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்று என் காலைப் பார்த்தார்.

"எந்த முட்டித்தா?"

"ரெண்டும் நல்லாத்தான் இருக்கு."

"பேப்பர்ல போட்ருக்கானே."

"மாஸ்டர் சொல்லிருப்பாரு."

"அவருக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?" என்றார். இல்லாத காயம் எப்படித் தெரியும். அப்பாவுக்கு அது தோன்றவில்லை. அச்சில் வந்தது முட்டியை விட உறுதி.

மா.வுக்குப் போன். கோபமாகத்தான் தொடங்கினேன்.

"கத்தாத. கேளு. முட்டின்னா ஆறு மாசத்துல ஆறிரும். அப்பறம் எப்ப வேணாலும் நீ திரும்பி வரலாம். மனசுக்குப் பிடிக்கலன்னு போனா ஒருத்தரும் மறக்க மாட்டாக. திமிருன்னுவாக. நான் ஒனக்குக் கதவத் தொறந்து வச்சிருக்கேன் பவி."

உண்மைதான். அன்புதான். அதனால்தான் இன்னும் எரிச்சல்.

நான் கேட்டது சாத்திய கதவு. அவர் தந்தது பாதி திறந்த கதவு, இடுக்கில் என் முழங்காலை வைத்து.

செப்டம்பர் 11, வியாழன்

வெயில். தைலம் வரத் தொடங்கிவிட்டது.

இந்த ஊரில் யாருக்கு எங்கே வலித்தாலும் அக்கரையிலிருந்து வந்த தைலம் ஒன்று பீரோவிலிருந்து வெளியே வரும். எதிர்வீட்டு மும்தாஜ் அக்கா முதலில். அவர் மச்சான் என்று சொல்லும் கணவர் மலேசியாவில் ஹோட்டல் வேலையில் இருக்கிறார். பச்சை பாட்டில், மூடி கூடத் திறக்காதது.

"மச்சான் போன தடவ கொண்டாந்தது. ராத்திரி தடவிட்டு துணியச் சுத்திக்க. இன்ஷா அல்லா ஒரு வாரத்துல ஓடுவ."

"அக்கா, வலி இல்லக்கா."

"வலி இல்லாமயா நடக்க முடியாமக் கெடக்க?"

"நின்னுக்கிட்டுத்தானக்கா இருக்கேன்."

"நிக்கிறது வேற, நடக்குறது வேற." பாட்டிலைக் கையில் திணித்துவிட்டுப் போனார்.

மதியத்துக்குள் இன்னும் இரண்டு. அப்பா எனக்கென்று செய்த ஷோகேஸில் கீழ் அடுக்கு காலி. அடுத்த கோப்பைகளுக்கு என்று விட்டு வைத்தது. பாட்டில்களை அங்கே வைத்தேன். நன்றாக இருக்கிறது. முதல் பரிசு, இரண்டாம் பரிசு, மூன்றாம் பரிசு.

இதுவரை எனக்குக் கிடைத்த காரணங்கள்:
முட்டி (மா., நாளிதழ், தெரு).
மாப்பிள்ளை, துபாயில் (பெரியம்மா).
மாப்பிள்ளை, வேற்று சாதி (பெரியம்மா, தணிந்த குரலில்).
தேர்வுக் குழுவில் சண்டை (அணித் தோழி, மெசேஜில், மூன்று அழும் பொம்மைகளுடன்).
எம்.ஏ. படிச்ச கொழுப்பு (சித்தப்பா). இது கொஞ்சம் பிடித்திருந்தது.

கடைத்தெருவில் எல்லோரும் முதலில் காலைப் பார்க்கிறார்கள், பிறகுதான் முகம். திரும்பி வரும்போது இடது காலை லேசாக இழுத்து நடந்திருக்கிறேன். மருந்துக்கடைக் கண்ணாடியில் பார்த்துத்தான் தெரிந்தது. அவர்கள் பார்வை கேட்டதைக் கால் கொடுத்திருக்கிறது. கடைசித் தெரு முழுக்க வேண்டுமென்றே வேகமாக நடந்தேன். அதுவும் நாடகம்தான்.

செப்டம்பர் 12, வெள்ளி

உண்மையான காரணத்தை எனக்காவது எழுதி வைக்க வேண்டும்.

சில மாதங்களுக்கு முன் ஓர் அரையிறுதி. வெளி மாநிலம், ஈரத் தரை. இடப்பக்கமிருந்து பந்து வந்தது. தடுப்பவள் வழுக்கி விழுந்தாள். கோல்கீப்பர் முன்னால் வந்துவிட்டாள். அவள் தலைக்கு மேலே தூக்கிப் போட்டேன். போட்டேன் என்று எழுதுகிறேன். கால் போட்டது. நான் மைதானத்துக்கு வெளியே ஒரு தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஏறும் ஏணியில் கீழ்ப்படி இல்லை. எப்படி ஏறுவார்கள் என்று யோசனை. எல்லோரும் என் மேல் விழுந்து கட்டிக்கொண்டபோதுதான் கோல் என்று தெரிந்தது.

அவ்வளவுதான். சோகமில்லை. காயமில்லை. யாரும் எதுவும் செய்யவில்லை. கால் என்னைக் கேட்காமலேயே ஆடுகிறது, இனி நான் எதற்கு. அதன் பிறகு வந்த ஆட்டங்களிலும் அப்படியே. நன்றாக ஆடினேன், அதுதான் கேவலம்.

ஆட்டம் சரிந்து, வெளியே உட்கார வைக்கப்பட்டு, பிறகு போவதை எல்லோரும் புரிந்துகொள்வார்கள். நிறைந்த தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்தால் சமைத்தவர் எல்லோரும் சண்டைக்கு வருகிறார்கள். வரட்டும்.

மாலை விழாக் குழுவிலிருந்து செயலாளர் வீட்டுக்கு வந்தார். முறைக்கு இன்னொரு சித்தப்பா. ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார், அப்பாவுக்கு ஆணியும் கீலும் அங்கேதான். ஞாயிற்றுக்கிழமை எழுவர் கால்பந்துப் போட்டி தொடக்கம். எனக்குப் பாராட்டு. முதல் பந்தை நான் உதைத்துத் தொடங்கி வைக்க வேண்டும்.

"சும்மா தொட்டாப் போதும்த்தா. கால ரொம்ப அசைக்க வேணாம். போட்டோக்காரன் எடுத்துக்குவான்."

"வாரேன் சித்தப்பா. ஆனா மைக்ல ஒரு வார்த்த பேசணும்."

"அதுக்கென்ன, ஒரு வார்த்த என்ன, நாலு வார்த்த பேசு."

சொல்லப்போவது: முட்டியில் ஒன்றுமில்லை, வேண்டாமென்று நிறுத்துகிறேன். அம்மா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் போனதும்: "என்னத்தப் பேசப் போற?"

"உள்ளதத்தான்."

"உள்ளதச் சொல்லி யாரு சோறு போடப் போறா." கொஞ்ச நேரம் கழித்து: "அந்த நீலச் சுடிதாரப் போடு. வேற எதுவும் தேய்க்கல."

செப்டம்பர் 14, ஞாயிறு

எழுதும்போது இன்னும் பாதம் எரிகிறது. வரிசையாக எழுதுகிறேன்.

நாலரை மணி, மேகம். கோல் கம்பத்துக்குப் பின்னால் பெரிய ஃப்ளெக்ஸ். வட்டத்துக்குள் என் முகம். இரு பக்கமும் குத்துவிளக்கு. கீழே 2011 – 2025. அம்மா பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"உசுரோட இருக்க பிள்ளைக்கு வெளக்கு வச்சிருக்கீகளே, நல்லாருக்கா இது?"

செயலாளர் தலையைச் சொறிந்தார். "கடைக்காரன்கிட்ட ரிட்டையர்மெண்டுன்னு சொன்னேன் மதினி. அறுவது வயசு சாருகளுக்குப் போடுறதான்னு கேட்டான். இல்லப்பா, சின்னப் பிள்ளைன்னேன். அவனா ஒண்ண எடுத்துப் போட்டுட்டான்."

அவிழ்க்க ஆள் ஓடியது. வேண்டாம் என்றேன். எனக்குப் பிடித்திருந்தது. முட்டி என்று சொல்பவர்களை விட இந்தக் கடைக்காரன் என்னைச் சரியாகப் புரிந்துகொண்டவன். திரும்பி வரமாட்டாள் என்று போட்டிருக்கிறான்.

மேடைப் படியில் இரண்டு பேர் இரு பக்கமும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "பாத்து, பாத்து." விடுங்கள் என்றேன், இன்னும் இறுக்கிப் பிடித்தார்கள். எல்லோருக்கும் மர நாற்காலி, எனக்கு மட்டும் மெத்தை வைத்தது. சால்வை. ஒரு வெள்ளிக் கிண்ணம். மைக்கைப் பிடித்தவர் வானொலிக் குரலில்: "காலம் செய்த கோலம், காயத்தால் நம்மை விட்டுப் பிரிகிறார்." கூட்டம் உச்சுக் கொட்டியது. முன்வரிசையில் மா. குனிந்து தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மைக்குக்குக் கை நீட்டினேன். மைக் பிடித்தவர் என் கையைக் குலுக்கினார். மறுபடி நீட்டினேன். "வீராங்கனை உணர்ச்சி மிகுதியால் பேச இயலாத நிலையில்" என்று அவரே பேசி முடித்துவிட்டார்.

கீழே இறக்கினார்கள். அதே இரண்டு பேர். ஒக்கூர் அணி ஒரு பக்கம், திருப்பத்தூர் அணி ஒரு பக்கம் வரிசையாக. ஒவ்வொருவரிடமும் கைகுலுக்கல். ஒக்கூர் கேப்டன் காதருகே: "அக்கா, நானும் முட்டி ஆபரேசன் பண்ணுனவன்தான். எந்த டாக்டரு?"

நடுப்புள்ளியில் பந்து, மாலை போடாத குறை. போட்டோக்காரர் மண்டியிட்டார். எழுவர் மைதானம் சின்னது. கோல் பக்கம்தான். கீப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான்.

செருப்பைக் கழற்றினேன். பின்னால் நகர்ந்தேன்.

"இங்குட்டு நின்னாப் போதும்த்தா, தொட்டாப் போதும்" என்றார் செயலாளர்.

ஓடி வந்து அடித்தேன்.

கோல் இல்லை. இடது கம்பத்துக்கு வெளியே ஒரு சாண். நேராக ஃப்ளெக்ஸில் போய் அறைந்தது. ஒரு பக்கக் கயிறு அறுந்து என் முகம் மடிந்து விளக்கின் மேல் விழுந்தது. பிறகு எல்லாப் பக்கமும் விசில்.

கூட்டத்தில் ஒரு குரல்: "முட்டி போயே இந்த அடின்னா, முட்டி இருந்தப்ப?"

மறைக்க வேண்டாம், இது என் நோட்டு. பிடித்திருந்தது. பந்தை விட்டுக் கால் பிரிந்த நொடியில் நான் அங்கே இருந்தேன். தண்ணீர்த் தொட்டி, ஏணி, எதுவும் இல்லை. கால் கேட்டது, நான் சரி என்றேன். பல மாதங்களாக இல்லாதது. தவறிய அடி அது.

மா. ஓடி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. அந்தச் சிரிப்புக்காகத்தான் பள்ளிக்காலம் முழுக்க ஆடினேன்.

"இப்பச் சொல்லு. இதுக்கு மேல என்ன வேணும் ஒனக்கு? முகாமுக்கு நாளைக்குக் காலைல ரயிலு. பையக் கட்டு."

"நல்லாருந்துச்சு மாஸ்டர்."

"அப்பறம்?"

"அப்பறமும் வேணாம்."

சிரிப்பு போகக் கொஞ்ச நேரம் ஆனது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கண்ணைத் திருப்பக் கூடாது என்று.

"பிடிக்கலன்னு விட்டாப் புரிஞ்சுக்கிறலாம்," என்றார். "பிடிச்சும் விடுவேங்குற."

"ஆமா மாஸ்டர்."

"திமிருதான்."

"அதையே பேப்பர்ல சொல்லுங்க. முட்டி வேணாம்."

ஆட்டம் தொடங்கிவிட்டது. பந்து எங்கள் பக்கம் வெளியே வந்தது. மா. காலால் நிறுத்தி உள்ளே தள்ளினார். என்னைப் பார்க்கவில்லை. செருப்பைத் தேடினேன், ஒன்றுதான் கிடைத்தது. வீடுவரை அப்பாவின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து, ஒற்றைச் செருப்போடு. பாதி வழியில் அப்பா: "கொஞ்சம் உள்ள அடிச்சிருக்கலாம்த்தா." அவர் என் ஆட்டத்தைப் பற்றிச் சொன்ன முதல் கருத்து.

செப்டம்பர் 15, திங்கள்

கருக்கல். காற்று. ரயில் போன சத்தம் படுக்கையிலேயே கேட்டது. எழவில்லை.

தைலங்களைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். மும்தாஜ் அக்கா மீன் கழுவிக்கொண்டிருந்தார்.

"நெசமாவே ஒண்ணும் இல்லையா முட்டிக்கு?"

"இல்லக்கா. வேணாம்னு தோணுச்சு, விட்டுட்டேன்."

"அவ்வளவுதானா?" செதிள் ஒட்டிய கையால் பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். "இத அன்னைக்கே சொல்றதுக்கென்ன. நானும் மச்சான்கிட்டப் போன்ல அழுதிருக்க மாட்டேன்ல."

சொன்னேனே அக்கா என்று வாய் வரை வந்தது. சிரித்தேன்.

ஷோகேஸில் கீழ் அடுக்கு மறுபடி காலி. அம்மா இட்லிக் குண்டானை அங்கே வைத்துப் பார்த்தாள். கதவு சாத்தவில்லை. எடுத்துவிட்டாள்.

மா. போன் எடுக்கவில்லை. இரண்டு முறை. நாளை மைதானத்துக்குப் போய்ச் சும்மா நிற்கலாம். ஆட இல்லை. அவர் துரத்தினால் வந்துவிடலாம்.

பதினோரு மணிக்கு முகாம் அலுவலகத்துக்கு நானே போன் செய்தேன். ஒரு பெண், சென்னைப் பேச்சு, அவசரம்.

"இஞ்சுரிதானே? மாஸ்டர் சொல்லிட்டாரேம்மா."

"இல்லைங்க மேடம். காயம் எதுவும் இல்ல."

"அப்போ ஏன் வரல?"

"வர விருப்பம் இல்ல."

"அப்படில்லாம் போட முடியாதும்மா. கம்ப்யூட்டர்ல இடம் இல்ல. காயம், கல்யாணம், படிப்பு, குடும்பம். இதுல ஒண்ணு சொல்லு."

"நாலும் இல்லைங்க."

"ஏதாவது ஒண்ணு சொன்னாத்தானேம்மா நாளைக்கு நீ திரும்பி வரும்போது ஈஸியா இருக்கும்."

"திரும்பி வரமாட்டேன் மேடம். காலியா விடுங்க."

பெருமூச்சு. பிறகு கீபோர்டில் ஒரே ஒரு தட்டல் சத்தம். எதைத் தட்டினாரோ.

மழை. பெரிய துளி. கொடியில் இன்னும் எடுக்காத ஜெர்சிகள். எடுக்க ஓடுகிறேன்.